மின்னல் காலடியிலிருந்தும் தாக்கும்: மலையேறுவோருக்கும் கூடாரத்தில் தங்குவோருக்கும்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுவதோடு மலையேற்றக் குழுக்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் அளித்து வருவதால், மின்னலில் சிக்கி மீண்டவர்களின் பேச்சைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். "மின்னல் எங்கள் மேல் விழவே இல்லை டாக்டர், தள்ளியிருந்த மரத்தின் மேல்தான் விழுந்தது" என்பதைத்தான் அவர்களில் பலரும் வியப்போடு சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். மின்னலால் பாதிக்கப்படுவோரில் நேரடியாகத் தாக்கப்படுவோர் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காட்டினர் மட்டுமே. சுமார் பாதிப் பேரைத் தாக்குவது, அருகில் எங்கோ இறங்கிய மின்னல் நிலத்தின் வழியாகப் பரவி வரும் மின்னோட்டம். ஆபத்து வானத்திலிருந்துதான் வரும் என்று நினைத்து மேலே ஏதாவது ஒரு மறைப்பைத் தேடி ஓடுகிறோம். அந்த மறைப்பு பெரும்பாலும் ஒரு மரமாகவோ பாறை இடுக்காகவோ கூடாரமாகவோ இருக்கிறது. இவற்றில் எதுவும் காலடியில் வரும் மின்னோட்டத்தைத் தடுக்காது.

மின்னல் இறங்கிய புள்ளியிலிருந்து விலக விலக நிலத்தின் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஆகவே, ஒரு கால் மின்னல் விழுந்த இடத்துக்குச் சற்று அருகிலும் மற்றொரு கால் சற்றுத் தொலைவிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டால் மின்னோட்டம் ஒரு கால் வழியாக ஏறி உடலைக் கடந்து மற்றொரு கால் வழியாக இறங்கிவிடுகிறது. கால்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அந்த வேறுபாடு கூடும். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 323 காட்டுக் கலைமான்கள் ஒரே இடத்தில் மடிந்து கிடந்தன. இடிமழைக்கு அஞ்சி நெருங்கி நின்ற கூட்டத்தை நிலவழி மின்னோட்டம் ஒருசேரக் கொன்றிருந்தது. நாற்கால் விலங்குகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலான தூரம் அதிகம் என்பதோடு, அந்த வழியின் நடுவிலேயே இதயமும் இருக்கிறது. கூடாரத்துக்குள் கைகால்களை நீட்டிப் படுத்திருக்கும் மனிதரின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது மயங்கி விழுந்து, அழைத்துவரப்பட்ட இளைஞர் ஒருவரின் பாதங்களை நான் பரிசோதித்தபோது, கால்விரல் நுனிகளிலும் உள்ளங்காலின் ஓரங்களிலும் மிளகளவே இருந்த வட்டமான ஆழ்ந்த தீப்புண்கள் வரிசையாகத் தெரிந்தன. தலையிலோ தோளிலோ ஒரு கீறலும் இல்லை. வியர்வையில் நனைந்திருந்த காலுறையின் ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகி விரிந்ததில் காலணியின் தையல் மட்டும் பிரிந்திருந்தது. மின்னோட்டம் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறியது என்பதை அந்தப் பாதங்களே காட்டிவிட்டன.

தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மரத்தில் இறங்கும் மின்னல் பாதி வழியிலேயே அதைவிட எளிதான பாதையாக அருகில் நிற்கும் மனித உடலுக்குத் தாவிவிடக்கூடும். பாதிக்கப்படுவோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இப்படித்தான் பாதிக்கப்படுகின்றனர். ஆழமில்லாத குகையும், குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியும் பலருக்கும் பாதுகாப்பாகத் தோன்றுகின்றன. ஆனால் பாறையின் மேற்பரப்பில் வழிந்து வரும் மின்னோட்டம் அந்த வாயிலின் இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது, அங்கே நிற்பவரின் உடலே அதற்குப் பாலமாகிவிடும். நான்கு புறமும் திறந்த ஓய்வுக் குடில்களையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும், அவை மழைக்கு மட்டுமே ஆனவை.

போலந்தின் டாட்ரா மலைத்தொடரில் கீவோன்ட் என்ற சிகரம் உள்ளது. அதன் உச்சியில் 15 மீட்டர் உயர இரும்புச் சிலுவை நிற்கிறது, ஏறுவோர் பிடித்துக்கொள்ளப் பாறையில் இரும்புச் சங்கிலிகளும் பதிக்கப்பட்டுள்ளன. 2019 ஆகஸ்ட் 22 அன்று அங்கே இடிமின்னல் தாக்கியதில், அந்த மலைத்தொடரின் போலந்துப் பகுதியில் மட்டும் நால்வர் உயிரிழந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உலோகம் மின்னலை 'ஈர்க்கிறது' என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியன்று. கைக்கடிகாரத்தையோ கைபேசியையோ கழற்றி எறிவதால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் சங்கிலி, கம்பிவேலி, கைப்பிடிக் கம்பி, நனைந்த கயிறு போன்ற நீளமான பொருள்கள் எங்கோ விழுந்த மின்னலை உங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். முதுகுப்பையில் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஊன்றுகோலைக் கழற்றிவிட வேண்டும் என்பதும், உலோகம் என்பதற்காக அல்ல, அது உங்களை உயரமாக்குகிறது என்பதற்காகவே.

இவ்வளவையும் அறிந்திருந்தாலும், இடிமேகம் தலைக்கு மேல் வந்த பிறகு திறந்தவெளியில் பாதுகாப்பான இடம் என்று ஒன்று கிடையாது. ஆபத்து சற்றுக் குறைந்த இடங்கள் மட்டுமே உண்டு. ஆகையால் காலையில் புறப்படுவதற்கு முன்பே எடுக்கும் முடிவுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மலைப்பகுதிகளில் வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரள்வது வழக்கம் என்பதால், நண்பகலுக்குள் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். வெண்மேகங்கள் கோபுரம்போல் உயர்ந்து அடிப்பகுதி கறுக்கத் தொடங்கினால், உச்சி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இன்னும் பத்தே நிமிடம்தான் என்று வாதிடும் உறுப்பினர் எல்லாக் குழுக்களிலும் ஒருவராவது இருப்பார். அவருக்குச் செவிசாய்க்காத ஒருவரே குழுத்தலைவராக இருக்கத் தகுதியானவர்.

மின்னலைக் கண்டது முதல் இடியோசை கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்பது கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கை நம்பிக் காத்திருப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. இடிமேகத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பாலும், மழையே பெய்யாத இடத்திலும், தலைக்கு மேல் நீலவானம் தெரியும்போதும் மின்னல் விழக்கூடும். இடியோசை கேட்கிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் கழியும் வரை மீண்டும் நடக்கத் தொடங்கவும் கூடாது.

சுவர்களும் மின்கம்பி, குழாய் இணைப்புகளும் கொண்ட கட்டடம் முதல் தேர்வு. அடுத்தது உலோகக் கூரையுள்ள, சன்னல்கள் மூடிய வாகனம். காரின் ரப்பர் சக்கரங்கள் எவரையும் காப்பதில்லை. மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே நிலத்துக்குக் கடத்திவிடும் உலோகக் கூடுதான் காக்கிறது, எனவே உள்ளே உலோகப் பகுதிகளைத் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முகட்டையும் வெட்டவெளியையும் நீர்நிலையையும் விட்டு இறங்கி, ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்வான பகுதிக்குச் சென்று, அடிமரங்களிலிருந்து விலகி நிற்கலாம். குழுவாக இருந்தால் ஒருவருக்கொருவர் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பயத்தில் நெருங்கி நிற்கவே மனம் விரும்பும். ஆனால் எல்லோரும் ஒன்றாக விழுந்துவிட்டால் முதலுதவி செய்ய எவரும் எஞ்சமாட்டார்.

குத்துக்காலிட்டு அமர்ந்தால் தப்பிக்கலாம் என்ற அறிவுரையை அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இப்போது பரிந்துரைப்பதில்லை. அப்படி அமர்ந்து காத்திருப்பதைவிடப் பாதுகாப்பான இடத்தை நோக்கி நகர்வதே மேல். தலைமுடி சிலிர்த்து நிற்பதும், ஊன்றுகோலின் நுனி ரீங்கரிப்பதும் மின்னல் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கவிருப்பதன் அறிகுறிகள். அப்போது மட்டும், வேறு வழியே இல்லாத நிலையில், இரு பாதங்களையும் ஒட்டிவைத்துக் குந்துவதில் பொருளுண்டு.

கூடாரத்தை முகட்டிலோ தனிமரத்தின் அடியிலோ அமைக்காதீர்கள். துணியும் மெல்லிய கம்பிகளும் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அருகில் வாகனம் இருந்தால், நள்ளிரவானாலும் சோம்பல்படாமல் எழுந்து அதற்குள் போய்விட வேண்டும். அது இல்லாதபோது, படுத்திருக்காமல் தரைவிரிப்பின் மேல் கால்களைச் சேர்த்து, கம்பிகளைத் தொடாமல் அமர்ந்திருப்பது ஆபத்தை ஓரளவு குறைக்கும்.

முதலுதவியில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை, உடனே தொடலாம். ஆனால் அதே இடத்தில் மின்னல் மீண்டும் விழக்கூடும் என்பதால் உங்கள் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் விழுந்து கிடந்தால், முனகுபவரையும் அலறுபவரையும் அல்ல, அசைவற்று மூச்சின்றிக் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். மற்ற பெருவிபத்துகளில் பின்பற்றும் முறைக்கு இது நேரெதிர். மூச்சோடு இருப்பவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். மூச்சு நின்றவருக்கோ, ஒரு கணம் நின்ற இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கினாலும், மூளையின் சுவாச மையம் செயலிழந்தே இருக்கக்கூடும். அப்போது மூச்சுக்காற்று கொடுக்க ஆள் இல்லாவிட்டால், ஆக்சிஜன் குறைந்து இதயம் இரண்டாம் முறை நின்றுவிடும். ஆகவே 30 நெஞ்சழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் சி.பி.ஆரைத் தொடர வேண்டும். இதயம் துடித்து மூச்சு மட்டும் இல்லையென்றால் ஏறத்தாழ 6 விநாடிக்கு ஒரு மூச்சு கொடுக்க வேண்டும். கண்மணிகள் விரிந்து நிற்பதைக் கண்டு இறந்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள், மின்னல் அவற்றையும் அப்படி ஆக்கக்கூடும். கால்கள் குளிர்ந்து நீலம்பாரித்து அசையாமல் போவதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிக முடக்கமே. அந்நிலையில் கைகால்களில் நாடி தெரியாது என்பதால் கழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

எழுந்து நடந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தோலில் பெரணி இலைபோல் படரும் சிவந்த கோடுகள் சிகிச்சையின்றியே மறைந்துவிடும், ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கை இ.சி.ஜி. எடுத்தும், செவிப்பறை கிழிந்துள்ளதா என்பதைக் காதுக்குள் பார்த்தும்தான் உறுதிசெய்ய முடியும். தாக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றாலும், அவர்களில் பலருக்கு மறதி, தூக்கமின்மை, கவனச் சிதறல், தீராத வலி போன்றவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கின்றன. பின்னாளில் இத்தொல்லைகளுக்காக வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், மின்னல் தாக்கிய நாளையும், அப்போது நினைவிழந்தீர்களா என்பதையும் அவரிடம் மறவாமல் கூறுங்கள்.