பல்பீனால்: சொல்லும் பொருளும்

சேலத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குச் சொல்லப்படும் உணவு அறிவுரைகளில் ‘பாலிபீனால்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. இதயத்துக்கு நல்லது என்பதோடு விளக்கம் நின்றுவிடுவதால், பெரியவர்கள் பலர் அதை ஒரு புதிய வைட்டமின் என்றோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்க வேண்டிய மாத்திரை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். அது எந்தத் தனிப்பொருளின் பெயரும் அன்று. வெயில், பூச்சி, பூஞ்சை ஆகியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தாவரங்கள் உண்டாக்கும் ஆயிரக்கணக்கான சேர்மங்களை, அவற்றின் அமைப்பிலுள்ள ஓர் ஒற்றுமையைக் கொண்டு சுட்டும் பொதுப்பெயர்.

‘பாலி’ என்பது கிரேக்கத்தில் ‘பல’. ‘பீனால்’ வந்த வழி நீளமானது. 1825இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து, ஆறு கரி அணுக்கள் வளையமாக அமைந்த பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதற்கு, ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து ‘பீன்’ என்று பெயரிட முனைந்தார் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் லோரான். பென்சீனுக்கு அப்பெயர் நிலைக்கவில்லை; ஆனால் 1834இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித்தாரிலிருந்து எடுத்த கார்பாலிக் அமிலத்துக்குப் பிற்பாடு ஏற்பட்ட ‘பீனால்’ என்ற பெயரில் அது தங்கிவிட்டது. ஈற்றிலுள்ள ‘ஆல்’, ஆல்கஹாலில் உள்ளது போன்ற ஹைட்ராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்தது) காட்டுகிறது. வீட்டில் தரை கழுவும் பினாயிலும் இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. தனிப் பீனால் உடலை அரிக்கும் நஞ்சு. உணவிலுள்ள பாலிபீனால்களோ ஹைட்ராக்சில் ஒட்டிய கரி வளையங்கள் பல பிணைந்து உருவான, தன்மையால் முற்றிலும் வேறான பொருள்கள். ஆகவே பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

தமிழில் ‘பல்பீனால்’ என்பதே பொருத்தமானது. பல்கோணம், பல்லுறுப்பி என்று முன்னொட்டைத் தமிழாக்கிய வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. பீனால் உலகப் பொதுவான வேதிப்பெயராதலால் அப்படியே நிற்கலாம். இதற்கு ‘துவர்ப்பொருள்’ என்ற சொல்லை ஆளலாமே என்று தோன்றக்கூடும். துவர் பழஞ்சொல், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி நீராடிய நன்னீர் ‘பத்துத் துவரினும்’ ஊறியது என்று வருகிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அதற்குக் காரணமான டானின்கள் பல்பீனால்களே. அவை உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டாற்போல் ஆகிறது. ஆனால் நாவற்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் போன்றவற்றைத் துவர்ப்பைக் கொண்டு அடையாளம் காண முடியாது. எனவே துவர்ப்பொருள் என்பதை டானினுக்கு ஒதுக்கி, முழுக் குடும்பத்தையும் பல்பீனால் என்பதே தெளிவு என்பது என் துணிபு.

முதுமையில் இரத்தக் குழாய்களின் உட்சுவர், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை முன்போல் போதிய அளவு தருவதில்லை. குழாய்கள் தளர்ந்து விரிவது குறைந்து, விறைப்பு கூடுகிறது. சில பல்பீனால்கள், குறிப்பாகக் கோகோவிலும் தேயிலையிலும் உள்ள ஃபிளவனால்கள், அந்த விரிவுக்குத் துணைசெய்வதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் 60 வயது கடந்த ஆண்களும் 65 கடந்த பெண்களுமாக 21,442 பேரிடம் நடந்த காஸ்மாஸ் ஆய்வில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் கொடுக்கப்பட்டது. 2022இல் வெளியான முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த நிகழ்வுகள் 10 விழுக்காடு குறைந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு 27 விழுக்காடு குறைந்தது நம்பிக்கை தருகிறது என்றாலும், அது ஆய்வின் முதன்மைக் கேள்வியன்று. கொடுக்கப்பட்டது பிரித்தெடுத்த சாறு என்பதால், சர்க்கரை நிறைந்த சாக்லேட்டுக்கு இதைச் சான்றாகக் காட்ட இயலாது.

1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பியும் பல்பீனாலுக்கு நல்ல ஊற்று. அதிலுள்ளது குளோரோஜெனிக் அமிலம். பெயரில் ‘குளோரோ’ இருந்தாலும் அதில் குளோரின் இல்லை, வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அது. ஏற்காட்டில் விளையும் அராபிக்கா வகைக் காப்பியில் இவ்வமிலம் ரோபஸ்டா வகையைவிடக் குறைவு. கருக வறுத்தால் இன்னும் குறைந்துவிடும். கேழ்வரகின் பல்பீனால் பெரும்பாலும் மேல்தோலில் இருப்பதால், மாவைச் சலித்துத் தவிட்டை நீக்குவது இழப்பே. மாம்பழத்திலும் சதையைவிடத் தோலிலேயே மிகுதி.

இரத்தசோகை உள்ள முதியோர் சாப்பாட்டோடு காப்பியோ டீயோ குடிப்பதைத் தவிர்த்து, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. ஏனெனில் பல்பீனால்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் குறைக்கின்றன. மாத்திரை வடிவில் அளவு மிகும்போது தீங்கும் உண்டு: பச்சைத் தேயிலைச் சாற்றிலுள்ள கேட்டச்சின் என்னும் பல்பீனால் வகையை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், இத்தகைய மாத்திரை எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.