பொகோரியாவின் கார நீரும் பூநாரைகளும்

கென்யாவின் பொகோரியா ஏரித் தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும். தோலின் எண்ணெய்ப்பசையைக் காரம் அங்கேயே சோப்பாக மாற்றுகிறது. கடல்நீரின் pH (அமில, கார அளவுகோல்) சுமார் 8. இங்கே 10-ஐத் தாண்டும். பூநாரை எந்தக் கரையில் நிற்கும், எப்போது மேயும், கேமரா எதனால் பாழாகும் என எல்லாவற்றையும் இந்தக் காரமே தீர்மானிக்கிறது.

பொகோரியா கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஆறும் ஊற்றும் உள்ளே வருகின்றன, வெளியே போக வழியில்லை. சுற்றியுள்ள எரிமலைப் பாறைகளில் சோடியம் அதிகம், கால்சியம் குறைவு. தண்ணீர் ஆவியாகும்போது இருக்கும் கொஞ்சக் கால்சியமும் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். நீரில் மிஞ்சும் கார்பனேட்டைப் பிடித்துவைக்கக் கால்சியம் இல்லாததால் அது முழுவதும் சோடியத்தோடு சேர்ந்து சோடாவாகக் கரைசலிலேயே தங்கி, ஆண்டுக்காண்டு அடர்த்தியாகிறது.

இந்த நீரில் மீன் பிழைப்பது அரிது. ஆனால் ஆர்த்ரோஸ்பைரா எனும் சுருள்பாசி கொழிக்கும். சிறு பூநாரையின் முக்கிய உணவு இதுதான். தலையைக் கவிழ்த்து அலகை நீர்ப்பரப்பில் நுழைக்கும். காற்றறைகள் நிறைந்த கீழ் அலகு மிதவையாக நின்று, மேல்மட்டத்திலேயே அலகைத் தாங்கும். நாக்கு நொடிக்கு இருபது முறைவரை முன்பின் ஓடித் தண்ணீரை உறிஞ்சித் தள்ள, அலகின் உட்புறச் சீப்புகளில் பாசி சிக்குகிறது. சுருளாக இருப்பதால்தான் சிக்குகிறது. பெருமழையில் ஏரி நீர்த்துப்போனால் சுருள்பாசி குறைந்து, சீப்புக்கு அகப்படாத நுண்பாசிகள் பெருகும். பறவைகள் வேறு ஏரிக்குப் பறந்துவிடும். 2010-க்குப் பின் கென்யாவின் இன்னொரு கார ஏரியான நகுரு பெருகியபோது நடந்தது இதுதான். எனவே பழைய பயணக் குறிப்பை நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்த வாரம் எந்த ஏரி சுருள்பாசி அடர்ந்து கரும்பச்சையாக இருக்கிறது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். பொகோரியாவிலும் நீர்மட்டம் உயர்ந்து கரைச்சாலையின் சில பகுதிகள் மூழ்கியிருக்கின்றன. காப்பகத்தின் லொபோய் நுழைவாயிலிலேயே பாதையை விசாரித்துக்கொள்ளலாம்.

கோடியக்கரையில் நாம் அதிகம் பார்ப்பது பெரும் பூநாரை. அதன் அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரையின் அலகு தூரத்திலிருந்து கறுப்பாகவே தெரியும் அடர்சிவப்பு. கூட்டத்தில் இரண்டும் கலந்து நிற்கும்போது உயரத்தைவிட அலகே நம்பகமான அடையாளம்.

காற்று எழுந்து அலையடித்தால் சிறு பூநாரைகள் மேல்மட்டத்தில் மேய்வது கடினம். அதனால் அமைதியான விடியலில், காற்று மறைவான கரையில் தேடுங்கள். ஏரியைவிட உப்புக் குறைந்த ஊற்று வாய்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் வரும். மீன்கழுகு அவற்றின் மீது பாய்வதையும் அங்கே எதிர்பார்க்கலாம். பாதை மேற்குக் கரையில் இருப்பதால் காலை வெயில் எதிரே நிற்கும். லொபுரு வெந்நீர் ஊற்றுகளின் ஆவிக்கு அந்த ஒளி அழகு. இறகின் நிறத்துக்கு மாலை 4 மணிக்கு மேல்தான் நல்லது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடம், சூரியன் விறுவிறுவென ஏறும். 9 மணிக்கெல்லாம் சேற்றுப்பரப்பில் கானல் அலையும், 600 மி.மீ. லென்ஸானாலும் தூரப் பறவை கலங்கியே பதியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வையுங்கள். கேமராவின் ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவு வரைபடம்) சிவப்பு வரைகோட்டைத் தனியே பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை மீறி, இறகின் மடிப்புகள் ஒரே திட்டாகிவிடும்.

ஊற்றுகளின் அருகே போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். மேலோடு மெலிது, அடியில் கொதிநீர். கூட்டத்தை விரட்டிப் பறக்கவைப்பது அதன் மேய்ச்சல் நேரத்தைத் திருடுவது. உலர் எடையில் நாளுக்கு ஏறத்தாழ 70 கிராம் பாசியை இந்த நுண்சீப்பால் வடித்தாக வேண்டிய பறவை அது.

லென்ஸில் படியும் சோடாத் தூளைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுகுழாயால் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும். டிரைபாட் கால்களை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும். காய்ந்த சோடாப் படிகம் பூட்டுகளை இறுக்கிவிடும்.