அவர் எதை நிறுத்திவிட்டார்?

மனச்சோர்வு என்றால் ஒரு மூலையில் குந்தியிருந்து அழுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திருகோணமலையில் உளநல கிளினிக்கில் வேலை செய்யும் என் முன்னால் வந்து அழுகிறவர்கள் குறைவு. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு, வயிற்றெரிவு, "நித்திரை வருதில்ல டொக்டர்", இப்படித்தான் வருகிறார்கள். கையில் ஒரு பை நிறைய ரிப்போர்ட் இருக்கும். இசிஜி, சீனி, கொலஸ்ட்ரோல், கொழும்புக்குப் போய் எடுத்த ஸ்கேன் என்று எல்லாம் நோர்மல். எல்லாம் நோர்மல் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் "சும்மா நடிக்கிறாள்" என்ற பேச்சும் தொடங்கியிருக்கும். நடிப்பு இல்லை. மனச்சோர்வில் உடம்பு உண்மையாகவே நோகும், அந்த நோவை ஸ்கேன் காட்டாது, அவ்வளவுதான்.

அதனால் கூட வந்தவரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: முன்பு செய்துகொண்டிருந்த எதை இவர் இப்போது நிறுத்திவிட்டார்? "கவலையாக இருக்கிறாரா" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதற்கு மட்டும் உடனே பதில் சொல்வார்கள். பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதில்லை. ஜும்ஆவுக்குப் போகிறார், ஆனால் தொழுகை முடிந்ததும் யாரோடும் நின்று கதைக்காமல் வந்துவிடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோ கோல் எடுத்தால் போனை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். ஏ.எல். படிக்கிற பிள்ளை டியூஷனுக்குப் போகிறது, ஆனால் கொப்பி வெறுமையாக இருக்கிறது.

கடற்தொழில் செய்கிறவர்கள் விஷயத்தில் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். மாரிக்குக் கடல் குழம்பினால் எல்லோருமே கரையில்தான் இருப்பார்கள், அந்த மாதங்களில் ஒருவர் படுத்தே கிடந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கடல் அடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வலையைத் தைக்கத் தொடங்கிய பிறகும் இவர் அசையவில்லை என்றால் அப்போதுதான் வீட்டுக்கு உறைக்கும், அதற்குள் மூன்று நான்கு மாதம் போயிருக்கும். (ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கலந்து மாற்றித்தான் எழுதுகிறேன், யாரும் யாரையும் தேட வேண்டாம்.)

சரி, எப்போது அதை நோய் என்கிறோம்? பெரும்பாலான நாட்களும், நாளின் பெரும்பகுதியும் மனம் இறங்கிப்போய் இருப்பது அல்லது எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது, இந்த இரண்டில் ஒன்றாவது குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அதோடு தூக்கமும் பசியும் குறைவது அல்லது கூடுவது, களைப்பு, ஒன்றில் மனம் நிலைக்காதது, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு என்பவற்றில் பலதும் சேர்ந்து அன்றாட வேலையைக் கெடுக்க வேண்டும். விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து, காலை நேரம் மிக மோசமாகவும் பின்னேரம் கொஞ்சம் பரவாயில்லாமலும் இருப்பது பலர் சொல்கிற ஒன்று. ஆண்களில் இது அடிக்கடி எரிச்சலாகவும் குடியாகவும்தான் வெளியே தெரியும். வீட்டில் அவரைக் கோபக்காரன் என்பார்கள், சோர்ந்துபோனவன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளை பெற்ற தாய்மாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவித்த முதல் சில நாட்களில் வருகிற அழுகை தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளையைத் தூக்க மனமில்லை, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் வீட்டுக்கு வருகிற மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "நாங்களும் பெத்தனாங்கள்தானே" என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது, அம்மனுக்கு நேர்த்தி வைப்பது இவற்றோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மனதுக்குத் தெம்பு தந்தால் செய்யட்டும், கிளினிக்குக்கும் வரட்டும். எனக்குக் கோபம் வருவது "ஈமான் குறைஞ்சிட்டு", "சாமி கும்பிடாததால வந்தது" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லும்போதுதான். ஏற்கனவே எல்லாம் தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுசருக்கு இன்னொரு குற்றத்தையும் தூக்கிக் கொடுக்கிற வேலை அது.

முதலில் இரத்தப் பரிசோதனை எழுதுவோம். தைரொயிட் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே களைப்பும் சோர்வும் வரும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு, காசை அள்ளிச் செலவழித்துக்கொண்டு திரிந்த காலம் இருந்ததா என்றும் கேட்போம். இருந்திருந்தால் வைத்தியமே வேறு, ஆகவே அதை மறைக்காதீர்கள்.

இனி என்ன செய்வது? நிறுத்தியவற்றின் பட்டியல் இருக்கிறதே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். "மனம் வந்தால் செய்வன் டொக்டர்" என்பார்கள், மனம் வரும் வரை காத்திருந்தால் வராது. தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி, முதலில் உருள வேண்டும், பிறகுதான் எஞ்சின் பிடிக்கும். ஆனால் பழைய அளவில் வேண்டாம். ஐந்து கறி சமைத்தவர் ஒரு சம்பல் மட்டும் அரைக்கட்டும். வலை முழுவதும் வேண்டாம், ஒரு முழம் தைத்தால் போதும். உப்புவெளிக் கரையில் ஒரு மணி நேரம் நடந்தவர் ஒழுங்கை முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பட்டும். பிடித்திருந்ததா இல்லையா என்று அன்றைக்கே கணக்குப் பார்க்க வேண்டாம், ஒரு வாரம் அதே நேரத்தில் செய்தாரா என்பதை மட்டும் பாருங்கள். வீட்டார் "எழும்பு, தைரியமா இரு" என்று புத்தி சொல்வதை விட்டுவிட்டு "வா, நானும் வாறன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். லேசான சோர்வுக்கு இதுவும் உளவளத்துணையும் (கவுன்சலிங்) பலருக்குப் போதும்.

அதற்கு மேல் போனால் குளிசை வேண்டும். செர்ட்ரலின், பிளுஒக்செட்டின் போன்றவற்றைப் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் போடுவது, அதனால் நோன்பு காலத்திலும் நேரத்தை மாற்றிக்கொண்டு தொடரலாம், வைத்தியரிடம் கேட்டுக்கொண்டால் சரி. இவை போதையும் இல்லை, நித்திரைக் குளிசையும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். ஆனால் குமட்டல் போன்ற தொல்லைகள் முதல் வாரமே வந்துவிடும். ஆகவே பலர் நான்காம் நாளே குளிசையை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், விடும்போது படிப்படியாகத்தான் விட வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே புகுத்திவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை, கேட்டவுடன் மூச்சு விட்டது போல் கதைக்கத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். தம்பலகாமம், மூதூர், கிண்ணியாப் பக்கம் வயல் செய்கிற வீடுகளில் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தலைப் பூட்டி வையுங்கள், அல்லது கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள், வீட்டிலிருக்கிற குளிசைகளையும் அப்படியே. அந்த எண்ணம் பலருக்கு உச்சத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். 1995 அளவில் இலங்கையில் தற்கொலை வருடத்துக்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று இருந்தது, கொடிய கிருமிநாசினிகளைத் தடை செய்ததோடு பெருமளவு இறங்கியது. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 இலேயே இங்கே குற்றம் என்ற நிலையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அல்லது 1333. கிளினிக்குக்கு வரும்போது அந்த ரிப்போர்ட் பையையும் கொண்டு வாருங்கள், இதுவரை போட்ட குளிசைகளின் மட்டைகளையும், அவர் நிறுத்திவிட்டவற்றை ஒரு துண்டில் எழுதியும்.