உடையார்குடிக் கல்வெட்டில் நந்தினி இல்லை

காட்டுமன்னார்கோயிலில் இருக்கிற அனந்தீசுவரர் கோயிலுக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சிலர் ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தையும் முடித்தவர்கள். சிலர் 2022, 2023-இல் வந்த படங்களைப் பார்த்தவர்கள். சுந்தர சோழரின் மூத்த மகனும் இராசராசனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலனின் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்து தேடி வருகிறார்கள். அந்த ஆர்வம் மிக நல்லது. ஆனால் கல்வெட்டுப் பயிற்சி வகுப்புகளிலும் கோயில் உலாக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: “இதுல நந்தினி பேர் எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி, மணிமேகலை எல்லோரும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். ரவிதாசன் அப்படியல்ல. வில்லனுக்கென்றே புனைந்த பெயர் போலத் தோன்றும் அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. சரித்திர நாவல் வாசிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நம்மால் மறக்க முடியாத பாத்திரம் கற்பனையாக இருக்கும். இவரெல்லாம் கற்பனைதான் என்று ஒதுக்கியவர் உண்மையில் வாழ்ந்தவராக இருப்பார். கதையின் சுவையை வைத்து வரலாற்றை ஊகிக்க முடியாது.

அந்தக் கல்வெட்டு சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘இராசகேசரி’ என்ற பட்டம் சூடிய சோழ அரசனின் 2-ஆம் ஆட்சியாண்டில், வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசனிடமிருந்து ஓலை வருகிறது. “பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான” என்று தொடங்கி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பெயர்கள் வருகின்றன. அடுத்து உறவுமுறைப் பட்டியல். தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், மாமன்மார், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் என்று நீள்கிறது. இவர்கள் எல்லோருடைய நிலத்தையும் உடைமையையும் பறிமுதல் செய்து விற்கச் சொல்கிறது ஓலை.

இந்தக் கல் கொலையைப் பதிவு செய்வதற்காக வெட்டப்படவில்லை. அப்படிப் பறிமுதலாகி விலைக்கு வந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் வாங்கிக் கோயில் அறத்துக்குக் கொடுத்தார். அந்த நிலம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதற்கு மூலப்பத்திரம் போலத்தான் அரசன் ஓலை மேற்கோளாக வந்திருக்கிறது. அதனால் கொலை எங்கே நடந்தது, எந்த ஆயுதத்தால், யார் தூண்டி, ஏன், கொலையாளிகளுக்கு என்ன தண்டனை என்ற எதற்கும் இதில் விடை கிடையாது. நாவலில் கொலை நடக்கும் இடத்தை வைத்து “கடம்பூர் மாளிகைன்னு கல்வெட்டுலயே இருக்கு” என்று சொல்பவர் கல்வெட்டைப் படித்தவர் அல்ல.

இன்னொரு சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாம் இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, பாண்டியன் தலையை வெற்றித் தூண் போல நாட்டிய ஆதித்தன் சொர்க்கத்தைக் காணும் ஆசையில் மறைந்தான் என்று மட்டும் சொல்கிறது. கொலை என்ற பேச்சே அதில் இல்லை. குடிமக்கள் அருள்மொழியை, அதாவது பின்னாளின் இராசராசனை, அரசனாகச் சொல்லி வேண்டியதையும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் நினைப்பதில்லை என்று அவர் இருந்ததையும் அதே செப்பேடு பாடுகிறது. ‘தியாகச் சிகரம்’ என்ற ஐந்தாம் பாகம் முழுதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. இவ்வளவு சின்ன விதையிலிருந்து அவ்வளவு பெரிய காட்சியை எழுப்பிய கல்கியின் கைவண்ணம், செப்பேட்டைப் படித்த பிறகுதான் முழுதாகப் புரிகிறது. மூலத்தைத் தெரிந்துகொண்டால் நாவல் சுவை கெட்டுவிடும் என்ற பயமே வேண்டாம்.

கல்லுக்கும் கதைக்கும் நடுவில் வரலாற்று ஆசிரியர்களின் ஊகம் என்று ஓர் அடுக்கு உண்டு. வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று ஐயப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமன் குற்றவாளியாக இருந்தால் அவர் மகனுக்கு இராசராசன் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பு கிடைத்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. இரண்டு பேரும் பார்த்தது ஒரே கல்வெட்டைத்தான். கல்கி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துக் கதை சொன்னார். இன்றைக்கு முகநூலில் சண்டை போடுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து “வரலாறு சொல்கிறது” என்று எழுதுகிறார்கள். வரலாறு சொல்கிறதா, வரலாற்று ஆசிரியர் சொல்கிறாரா, நாவலாசிரியர் சொல்கிறாரா என்பதை ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பழக வேண்டும்.

காதல் பகுதிக்கும் இதே கணக்குதான். குந்தவையும் வந்தியத்தேவனும் காதலித்ததற்குச் சான்று இல்லை. மணம் செய்துகொண்டதற்குச் சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை இராசராசனின் தமக்கை என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் குறிக்கிறது. வந்தியத்தேவன் பாத்திரம் எழுந்துவந்த முதல் சுவடு இந்த ஒற்றைத் தொடர்தான். அருள்மொழிக்கு ஒரே காதலி, ஒரே மனைவி என்று நினைத்து வருபவர்களுக்குக் கோயில் சுவரில் சற்று அதிர்ச்சி காத்திருக்கும். தானங்களைக் கல்லில் வெட்டச் சொல்லும் ஆணையில் இராசராசன் தரும் வரிசை இது: “நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்”. பெண்டுகள் என்ற பன்மை, தேவியர் பலர் என்பதைக் காட்டுகிறது. அவர்களில் லோகமாதேவி திருவையாற்றில் தன் பெயரிலேயே கோயில் எடுத்தவர். அக்காவைத் தனக்கு அடுத்தபடியாகவும், தேவியருக்கு முன்பாகவும் வைத்திருக்கும் அந்த வரி, எத்தனை காதல் அத்தியாயங்களையும் விட அந்த வீட்டின் உறவுகளைத் துல்லியமாகக் காட்டுகிறது.

இராசராசனின் தாயைப் பற்றிய வரி இன்னும் கனமானது. சுந்தர சோழர் இறந்தபோது வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். பல ஆண்டுகள் கழித்து, இராசராசனின் 27-ஆம் ஆண்டில், திருக்கோவலூர்க் கல்வெட்டு அவரை “முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்” என்று பாடுகிறது. பால் குடிக்கும் பிள்ளையை விட்டுத் தீக்குள் போனவர். புதிதாக வரும் சோழர் காலக் காதல் நாவல்களில் உடன்கட்டை அடிக்கடி வீரமாகவோ காதலின் உச்சமாகவோ வருகிறது. எழுதுகிறவர்கள் ‘முலைமக’ என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு எழுதினால் தேவலை.

அதே நாவல்களில் ஆடல்மகளிரின் நிலை இன்னும் மோசம். வில்லி, ஒற்றர், மயக்குபவள் என்ற மூன்று வேடத்துக்குமேல் கிடைப்பதில்லை. பெரிய கோயிலின் ஆடல்மகளிர் குடியிருப்பான தளிச்சேரியைப் பற்றிய கல்வெட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 பெண்கள். எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊரிலிருந்து வந்தார், ‘நக்கன்’ என்று தொடங்கும் பெயர் என்ன என்பதெல்லாம் வீடுவீடாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை அவரே நிறுத்தலாம். முகவரியோடும் வருமானத்தோடும் வாரிசு விதியோடும் பதிவான பெண்கள் இவர்கள். இந்த ஒரு கல்வெட்டில் நூறு நாவலுக்கான கரு இருக்கிறது, எடுத்து எழுதத்தான் ஆள் இல்லை.

கையில் இருக்கும் சரித்திர நாவலை நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி அடுக்களையிலிருந்து தொடங்குவது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. 10-ஆம் நூற்றாண்டு இளவரசி மிளகாய்ச் சட்னி தொட்டுச் சாப்பிட்டால் ஆசிரியர் தேடவில்லை என்று பொருள். கோயில் கல்வெட்டுகளே அன்றைய சமையல் பட்டியலைத் தருகின்றன: பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகு, புளி, வெற்றிலை, பாக்கு. காட்டில் சீமைக்கருவேலம் வளர்ந்திருந்தாலும் இதே பிழைதான்.

அடுத்தது தூரம். காஞ்சியிலிருந்து தஞ்சாவூர் 250 கி.மீ.-க்கு மேல். ஒரே குதிரையில் நாளுக்கு 50, 60 கி.மீ. தொடர்ந்து போவதே பெரிய காரியம், நடுவில் ஆறுகள் வேறு. நாயகன் ஒரே இரவில் போய்ச் சேர்ந்தால் குதிரை எங்கே மாற்றினான் என்று கேளுங்கள். நாழிகைக் கணக்கையும் பாருங்கள்: ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. “மூன்று நாழிகை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்” என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகப் பிழை. இராசராசன் 985-ஆம் ஆண்டின் நடுவில் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு. எனவே 2-ஆம் ஆண்டு 986–87. பலர் 985-உடன் 2-ஐக் கூட்டி 987–88 என்று போடுகிறார்கள். ஒன்றைக் கழிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், ‘இராசகேசரி’, ‘பரகேசரி’ என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். சுந்தர சோழர் இராசகேசரி, உத்தமர் பரகேசரி, இராசராசன் மறுபடி இராசகேசரி. உடையார்குடிக் கல்லிலும் வெறும் ‘இராசகேசரி’தான் இருக்கிறது. அது இராசராசன் என்பது கரிகாலன் இறந்த பிறகான செய்தி என்பது போன்ற உள்சான்றுகளால் முடிவானது. பட்டத்தை மட்டும் பார்த்து அரசனைத் தீர்மானித்தால் ஒரு தலைமுறையே தள்ளிப்போகும்.

கல்லை நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அச்சிட்ட பாடத்தை முதலில் படித்துவிட்டுப் போங்கள். உடையார்குடிக் கல்வெட்டு ‘எபிகிராஃபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியிலும், பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 2-ஆம் தொகுதியிலும், திருவாலங்காட்டுச் செப்பேடு 3-ஆம் தொகுதியிலும் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நேரடியாகக் கல்லில் படிக்க முயன்றால் பழக்கம் இல்லாதவர்கள் உறுதியாகத் தவறுவார்கள். சோழர் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல் பிரிப்பும் கிடையாது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும்.

காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகத் தெரியும். நிழலான இடம் என்றால் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள்; பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மாவு, சுண்ணக்கட்டி, விபூதி, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். மாவு துளைகளில் தங்கி ஈரத்தையும் பூச்சியையும் இழுக்கும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கருகிப் படியும். சாவியால் எழுத்தைத் தோண்டித் துலக்குவது அழிப்பதற்குச் சமம். மைப்படி எடுப்பது ஈரத்தாளைத் தூரிகையால் அடித்துப் பதியவைத்து மை ஒற்றும் வேலை. அதைத் துறையினரிடம் விட்டுவிடுங்கள். திருப்பணியின்போது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதையோ, எழுத்தின் மேல் வண்ணம் பூசுவதையோ கண்டால், தேதியோடு படம் எடுத்து அறநிலையத்துறைக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றைக்கே எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் போகும் எழுத்து ஆயிரம் ஆண்டு இருந்தது.

மாயம், காலப்பயணம், சித்தர் என்று போகும் கதைகளை இந்தத் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. முழுக்கக் கற்பனை நாடு, கற்பனை அரசன் என்றால் ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம். உண்மையான அரசன் பெயரும் உண்மையான கோயிலும் வந்துவிட்டால் மட்டும் கடைசியில் இரண்டு பக்கம் பின்குறிப்பு வேண்டும்: யார் கற்பனை, யார் உண்மை, எந்தக் கல்வெட்டு, எந்த இடத்தில் கதைக்காகக் காலம் மாற்றப்பட்டது. அது இல்லாத நாவல் பிடித்திருந்தால், பாராட்டி எழுதும்போதே அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி ஆசிரியரையும் பதிப்பாளரையும் கேளுங்கள்.