கூடத்தில் படுத்திருப்பவரும் வீடற்றவரே

"அண்ணன் எங்களோடுதானே இருக்கிறார், அவரை வீடற்றவர் என்று ஏன் எழுதுகிறீர்கள்?" சிங்கப்பூரில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் பணிபுரியும் நான் இக்கேள்வியை இந்த மாதமும் எதிர்கொண்டேன். மணமுறிவுக்குப் பின் வீட்டை இழந்து, இரவுநேரப் பாதுகாவலராக வேலை பார்க்கும் அந்த முதியவர், ஈரறை வாடகை வீட்டில் வசிக்கும் தங்கையின் கூடத்தில் பகலில் தூங்குகிறார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

தலைக்கு மேல் கூரை இருந்தால் வீடு இருக்கிறது என்ற எண்ணமே எங்கள் வேலையை மிகவும் கடினமாக்குகிறது. அந்தக் கூடத்தில் தங்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. மைத்துனர் ஒரு சொல் சொன்னால் அன்றிரவே புறப்பட வேண்டும். வீட்டில் அவர் பெயர் பதிவாகாததால் தங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கே ஆபத்து வருமோ என்று தங்கை அஞ்சுகிறார், அதனால் அவர் இருப்பதையே யாரிடமும் சொல்வதில்லை. தானே கதவைப் பூட்டிக்கொள்ள முடியாத, அடுத்த மாதமும் இருக்கலாம் என்று நம்ப முடியாத இடம் ஒருவருக்கு வீடாகாது. ஐரோப்பாவில் பயன்படும் ஈத்தோஸ் வகைப்பாடு, தெருவில் உறங்குவோரோடு தங்குமிடங்களில் இருப்போரையும், வேறு வழியின்றி உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்போரையும் சேர்த்தே கணக்கில் கொள்கிறது.

நம் நாட்டில் இரவு நேரக் களக் கணக்கெடுப்பு தெருவில் இருப்போரைத்தான் எண்ணுகிறது. 2019இல் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வு, அவ்வாறு உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருப்பதாக மதிப்பிட்டது. பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர் வேலை செய்துகொண்டிருந்தனர் என்பதை, இவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுவோர் கவனிக்க வேண்டும். 2021இல் தெருவில் 616 பேர் என்றானபோது பலர் நிம்மதியடைந்தனர். ஆனால் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த 420 பேரைச் சேர்த்தால் மொத்தம் 1,036, அதாவது ஏறத்தாழ முன்பிருந்த அதே அளவு. கொவிட் காலத்தில் தங்குமிடம் தேடி வந்தோரில், அதுவரை தெருவில் உறங்கியே இராதவர்களும் இருந்தனர். நண்பர் வீட்டிலோ வாடகை அறையிலோ காலம் தள்ளியவர்களை அதற்கு முன் எந்தக் கணக்கெடுப்பும் பார்த்திருக்கவில்லை. 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கணக்கில் 530 பேர் இருந்தனர். அது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் தேவை முழுவதற்குமான அளவுகோல் அன்று. அடையாள அட்டையில் முகவரி இருந்தும் அந்த முகவரிக்குத் திரும்ப முடியாதவர்களை நாங்கள் தொடர்ந்து சந்திக்கிறோம்.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. தெருவில் உறங்குவோருக்கு உதவ அரசு அமைப்புகளையும் சமூக அமைப்புகளையும் இணைக்கும் பியர்ஸ் கட்டமைப்பு 2019இல் தொடங்கப்பட்டது. வழிபாட்டு இடங்களும் சமூக அமைப்புகளும் இரவில் தங்க இடம் தருகின்றன. ஒற்றையர் இருவர் ஒரு வாடகை வீட்டைப் பகிரும் திட்டத்தில், முன்பின் தெரியாதவரோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறியோர் பலர் என்பதால், 2021இன் இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் வீட்டுத்தோழரைச் சேர்த்துவைக்கும் பொறுப்பைத் திட்டத்தை நடத்தும் அமைப்பே ஏற்கிறது. தனியறையும் பொது வசதிகளும் கொண்ட தங்கும் முறை அதற்கடுத்த படி. அதையே நான் மிகவும் வரவேற்கிறேன்.

மணமுறிவின்போது வீட்டை விற்கச் சம்மதிக்குமுன் அடுத்து எங்கே போவீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கையெழுத்திட்ட பிறகு எங்களிடம் வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. புளோக்கின் கீழ்த்தளத்தில் உறங்குபவரைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அவர் மறுநாள் வேறிடம் போய்விடுவார், எங்கள் ஊழியர்கள் அவரை மீண்டும் தேட வேண்டியிருக்கும்.

உறவினருக்கு இடம் கொடுத்திருக்கும் குடும்பங்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்: சண்டை முற்றி அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை காத்திருக்காதீர்கள். அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் தொலைபேசி எண் 1800-222-0000. வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கு நேரிலும் வரலாம். வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள், அவருடைய சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள், அவர் எங்கே தூங்குகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.