வெயில் காணாத ஆமை

ஆமைக்குஞ்சு வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன சாப்பிடும்?" அதைவிட முக்கியமான கேள்வி, "இது எங்கே வெயில் காயும்?" என்பது. ஓடு மெத்தென்று ஆவது, கண் வீங்குவது, சளி பிடிப்பது என்று வீட்டு ஆமைக்கு வரும் எந்தத் தொல்லையைத் துருவினாலும் பெரும்பாலும் அது விளக்கிலோ, சூட்டிலோ, தண்ணீரிலோ, தீனியிலோதான் போய் நிற்கும்.

கடைகளில் அதிகம் விற்கப்படுவது சிவப்புக் காது நீராமை. 3 செ.மீ. குஞ்சாக வருவது, பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், ஆண் சற்றுச் சிறிது. நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டு வாழும். ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். 20 செ.மீ. ஆமைக்கு 300 லிட்டர். பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த அந்த வட்டக் கிண்ணம் விற்பவருக்கு வசதி, ஆமைக்கு அல்ல. பெரிதானதும் குளத்தில் விட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம்: உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும். காலை உதைத்துத் திமிற வேண்டும். இரண்டு கண்ணும் திறந்து தெளிவாக இருக்கிறதா, மூக்கில் குமிழி வராமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் சாயாமல் நீந்தி, மூழ்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்தது வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அது குற்றமும்கூட.

இனி வெயில். ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலாவும் அதோடு சேர்ந்தே இருக்கின்றன. புற ஊதா பி (யுவிபி) கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும்; அது இருந்தால்தான் தீனியிலுள்ள கால்சியம் உடலில் சேரும். இல்லையென்றால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். ஓடு மெத்தென்று ஆவதும், வளைவதும், கால் வலுவிழப்பதும் இப்படித்தான். ஜன்னலோரத்தில் வைத்தால் போதும் என்பது தவறு. கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். சாதாரண எல்இடி பல்பும், வெறும் சூடு தரும் பல்பும் இதைத் தருவதில்லை. ஊர்வனவற்றுக்கென்றே விற்கப்படும் யுவிபி விளக்கு வேண்டும், தினமும் 10 முதல் 12 மணி நேரம், இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது பெட்டியிலேயே இருக்கும். வெளிச்சம் குறையாமலே கதிர் குறைந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஆகவே மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்; 6 முதல் 12 மாதத்தில் மாற்றுங்கள். நேரடி வெயில் இன்னும் நல்லது. ஆனால் பாதி நிழல் கட்டாயம். சின்னத் தொட்டித் தண்ணீர் வெயிலில் சீக்கிரமே கொதிநிலைக்குப் போகாவிட்டாலும் ஆமையைக் கொல்லும் அளவுக்குச் சூடேறிவிடும்.

அந்த விளக்கின் கீழே ஆமை முழுதாக ஏறி உடல் காயும்படி ஒரு மேடை. மேடையில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் 24 முதல் 26. குஞ்சுக்கு இரண்டு டிகிரி கூடுதல். கையை வைத்துப் பார்த்துச் சொல்வதெல்லாம் உதவாது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஹீட்டருக்கு உறை போடுங்கள்; மோதி உடைத்துவிடும்.

மீனைவிட ஆமை பலமடங்கு அழுக்காக்கும். தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்குக்கான ஃபில்டர் போட்டாலும் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். பொடிக் கற்களைப் போடாதீர்கள், விழுங்கிவிடும்.

குஞ்சுக்கு ஆமைக்கான பெல்லட் (உருண்டைத் தீனி) தினமும், அதன் தலை அளவுக்கு. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். கரும்பச்சை இலைகள் தினமும் போடலாம். காய்ந்த இறாலை மட்டுமே கொடுத்து வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடும், காதுக்குள் சீழ் கட்டும். கண் தெரியாத ஆமை சாப்பிடாது. வீட்டிலோ "தூங்குகிறது" என்று விட்டுவிடுவார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் விட்டால் இது தீராது.

நீந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை மட்டும் ஆமைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிர் போய்விடும். ஆணே இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டை வைக்கும். தோண்ட மண் இல்லாமல் முட்டையை அடக்கிக்கொண்டு நோய்ப்படுவதும் உண்டு.

ஆரோக்கியமான ஆமையிடமும், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் 1975இல் அமெரிக்கா, ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டது. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இப்போதைக்கு ஆமை வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது தண்ணீர் வேண்டாம். ஈரத் துண்டு விரித்து, காற்றோட்டத் துளை போட்ட பெட்டி போதும். தொட்டியின் படத்தையும் பல்பு வந்த அட்டைப்பெட்டியையும் கூடவே எடுத்துப் போங்கள். ஆமையைத் தொடும் முன்பே மருத்துவர் அவற்றைத்தான் கேட்பார்.