கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன்

அவசர சிகிச்சைப் பிரிவில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சொன்னவர் ஒரு பாட்டி. காரின் பின்சீட்டில் இரண்டு வயதுப் பேரனை மடியில் வைத்திருந்தார். குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்கப் போய் வண்டி புளியமரத்தில் மோதியது. பேரனுக்கு நெற்றியில் ஐந்து தையல், முன்கையில் எலும்பு முறிவு. “கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன் டாக்டரம்மா, எப்படிக் கைய விட்டுப் போனான்னே தெரியல.”

அவர் பொய் சொல்லவில்லை. குழந்தை 12 கிலோ. 50 கிலோமீட்டர் வேகம் பத்தில் ஒரு விநாடியில் நின்றுபோனால், அந்த 12 கிலோவைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 170 கிலோ சுமையைத் தாங்கும் பலம் வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றுக்கும் மேல். பயில்வான் கையும் விட்டுவிடும்.

பள்ளியில் இதை நிலைமம் என்று படித்தோம். இலங்கைப் பாடநூல்களில் சடத்துவம். ஆங்கிலத்தில் ‘இனர்ஷியா’; லத்தீனில் அதற்குச் சோம்பல் என்று பொருள். அந்தச் சொல்லை இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். நம்மில் பலருக்கு மனத்தில் தங்கியதும் அந்தச் சோம்பல் பாதிதான்: கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். ஓடுவதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று 1687-இல் நியூட்டன் எழுதிய மறுபாதிதான் எங்கள் வார்டை நிரப்புகிறது.

மண்வெட்டி கழன்று ஆடினால் காம்பின் அடியைத் தரையில் ஓங்கிக் குத்துவோம். காம்பு நின்றுவிடும், இரும்புத் தலை நிற்காமல் கீழே இறங்கிக் காம்பில் இறுகும். விபத்தும் அதேதான். கார் மரத்தில் நிற்கிறது, உடம்பு முன்சீட்டில் மோதி நிற்கிறது. அதோடு முடியவில்லை. மூளை மண்டையோட்டின் உட்சுவரில் போய் இடிக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு முன்னே வீசப்பட, முதுகெலும்பை ஒட்டி நிலைத்திருக்கும் பகுதி வர மறுக்கிறது. இரண்டும் சேருமிடத்தில் கிழிகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்து வந்தவரையும் நாங்கள் ஸ்கேனுக்கு அனுப்புவது இதனால்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க யாராவது துணிவோமா?

சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். வண்டி திடீரென நிற்கும்போதும் அதற்குள் இருக்கும் சிறு குண்டோ ஊசலோ தன் போக்கில் நகர்ந்து சுருளைப் பூட்டுகிறது. நிலைமத்தைக் கொண்டே நிலைமத்துக்குக் கடிவாளம்! பெல்ட் போடாவிட்டால் வரும் ‘பீப்’ சத்தத்தை அடைக்கப் போலிக் கிளிப் வாங்கிச் செருகுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கர்ப்பிணிகள் பெல்ட் வயிற்றை அழுத்தும் என்று பயப்படுகிறார்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலும், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவிலும் போனால் போதும். சிறு குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது, தனி இருக்கைதான் வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பின்றி ஏற்றிச் சென்றால், இந்தியாவின் 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்தின்படி 1000 ரூபாய் அபராதம்.

அந்தப் பேரனை வீட்டுக்கு அனுப்பிய நாளில் வாசல்வரை போனேன். மாவுக்கட்டுக் கையோடு மறுபடி பாட்டி மடி. “ரெண்டு கிலோமீட்டர்தானே மேடம், மெதுவாப் போயிடறேன்” என்றார் அப்பா. பின்சீட்டு பெல்ட் எங்கே என்றேன். சீட் கவரைத் தூக்கித் தேடியதில் பக்கிள் அகப்பட்டது, பிஸ்கட் தூளோடு.

கட்டுப் பிரிக்க வந்தபோது புது இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான், பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. பக்கத்தில் பாட்டி, பெல்ட் இல்லாமல்.

“எனக்கெதுக்கும்மா? நான்தான் பின்னாடி உக்கார்றேனே.”